ராகு காலத்தில் ஒரு சிங்கம்

அத்தியாயம் 11

பெட்டியின் அடியில் கிடந்த கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையை வசுமதி எடுத்தாளா, வைத்தாளா? ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வைத்துவிட்டாள்.

தொட்டாள். ஜரிகையைத் தடவினாள். பெட்டியைச் சாத்தினாள். லண்டனில் சாமான்களோடு தொலைந்துபோனதாக இரண்டரை வருடமாகச் சொல்லிவரும் புடவை அது. அதைக் கட்டிக்கொண்டு தம்பியின் முன்னால் எப்படி நிற்பது?

பதிலுக்கு ஒரு பச்சை மைசூர் சில்க்கைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். ஞாயிற்றுக்கிழமை. வெளியே நவம்பர் மாதத்து முதல் பனி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து வகைக் கலவை சாதமும் டொராண்டோவின் ஸ்காபரோ அப்பார்ட்மெண்டின் இரண்டே அடுப்புகளில் மாறி மாறி வெந்துகொண்டிருந்தன.

தம்பி மனைவி மங்கைக்கு இன்று வளைகாப்பு.

கோடையில் கருணாகரனும் மங்கையும் குடியேறி வந்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் ஜாகை. மங்கைக்கு ஏழு மாதம். முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். வசுமதிக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம், குழந்தை இல்லை. "வேற யாராவது பெத்தவங்க போடட்டுமே" என்று அவளே ஒதுங்கிப் பார்த்தாள். மங்கை விடவில்லை.

"கல்யாணத்துலதான் உங்க கை படல. இதுலயாவது படட்டும் அண்ணி."

அந்த வார்த்தை வசுமதியை எங்கே குத்தியது என்று சொன்ன மங்கைக்குத் தெரியாது. அப்படித்தான் வசுமதி நினைத்திருந்தாள்.

தம்பி தாலி கட்ட, இரண்டாவது முடிச்சும் மூன்றாவது முடிச்சும் போட வேண்டிய நாத்தனார், அன்றைக்குக் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் இல்லை. 'விமானம் ரிப்பேர். லண்டனில் மாட்டிக்கொண்டோம்.' அதுதான் குடும்பத்துக்குச் சொன்ன கதை. அம்மா அதை நம்பினாள். அடுத்த தை மாதம் நம்பிக்கொண்டே கண்ணை மூடினாள்.

"ஏங்க, நாற்காலி?"

"நவரத்தினம் வீட்டுல எட்டு இருக்கு. லிஃப்ட்ல ரெண்டு ரெண்டாத்தான் ஏறுது" என்றபடி தணிகாசலம் கீழே போனார். வசுமதியின் கணவர். மின்சார இலாகாவில் இன்ஜினீயர். கனடாவுக்கு வந்து வாங்கிய முதல் பொருள் கேமரா, இரண்டாவதுதான் கம்பளிக்கோட்டு. அப்படிப்பட்ட மனிதர்.

தப்பு நடந்தது அழைப்பில். எல்லோருக்கும் ஃபோன் போட்டு "நாலு மணிக்கு வந்துடுங்க" என்றவன் கருணாகரன். நாலு என்றால் நம்மவர்கள் ஆறுக்குத்தானே வருவார்கள் என்ற மெட்ராஸ் கணக்கு. கனடா அவர்களைக் கெடுத்து வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. நாலு அடித்ததும் அத்தனை பேரும் கையில் பரிசுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்கள்.

கோட்டைக் கழற்றி எல்லோரும் உட்கார்வதற்குள் நாலரை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலமோ நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்குத்தான் விடும்.

"தம்பி, உந்த ராகு காலம் மெட்ராஸ் நேரமோ, டொராண்டோ நேரமோ?" ஒன்பதாவது மாடி நவரத்தினம் சோபாவில் சாய்ந்துகொண்டே கேட்டார். யாழ்ப்பாணத்து மனிதர். நாற்காலிகளின் சொந்தக்காரர்.

"ராகுவுக்கு எங்க போனாலும் லோக்கல் டைம்தான் அங்கிள்" என்றான் கருணாகரன்.

"அப்ப அவரும் இமிக்ரேசன் எடுத்திட்டார் எண்டு சொல்லு!"

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும் என்ற கவலை வந்தது. நவரத்தினத்தின் மனைவி புனிதம்தான் வழி சொன்னாள். "தணிகாசலத்தின்ரை படங்கள் இருக்குதல்லோ. போடுங்கோவன்."

சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஏறியது. விளக்கு அணைந்தது. தணிகாசலம் கடைசி இரண்டு நாற்காலிக்காக மறுபடி கீழே போயிருந்ததால் புரொஜெக்டருக்குக் கருணாகரன் பொறுப்பேற்றான். அட்டைச் சட்டத்தில் போட்ட ஃபிலிம் படங்கள், ஸ்லைடுகள். முதல் தட்டு முழுக்க நயாகரா. கிளிக், நயாகரா. கிளிக், இன்னொரு பக்கத்திலிருந்து நயாகரா.

"எத்தனை தரம் பாக்கிறது? தண்ணி விழுகுது, விழுகுது, விழுந்துகொண்டே இருக்குது" என்றாள் புனிதம். "வேறை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கே ஆன்ட்டி" என்று அலமாரிக்குள் கையை விட்டான் கருணாகரன். அடியில், பழைய போர்வைக்குக் கீழே, ஒரு பெட்டி. மேலே தணிகாசலத்தின் கையெழுத்தில் 'ஆபீஸ் பிக்னிக்.'

அடுக்களையில் எலுமிச்சை சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்த வசுமதிக்குக் கூடத்திலிருந்து ஒரு பெரிய "ஆ!" கேட்டது. பிறகு ஒரு குழந்தையின் கூவல்.

"சிங்கம்!"

கரண்டி அவள் கையிலிருந்து நழுவவில்லை. அவள்தான் நழுவினாள். எப்படிக் கூடத்து வாசலுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சுவர் முழுக்கச் சிங்கம். மஞ்சள் புல்லில் படுத்து, உலகத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதுபோல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. திறந்த ஜீப்பில், மூச்சுவிடாமல், அதை எட்டித் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது அவள் உடம்புக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"அக்கா! மாமா ஆபீஸ்ல பிக்னிக்குக்குச் சிங்கத்தையும் கூட்டிட்டுப் போவாங்களா?" கருணாகரன் சிரித்தபடி அடுத்ததைத் தட்டினான்.

கிளிக். பெரிய மரங்களின் அடியில் வரிசையாகக் காக்கிக் கூடாரங்கள்.

கிளிக். கூடார வாசலில் கான்வாஸ் நாற்காலி. அதில் வெறுங்காலோடு, கையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு பெண். தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது நீதானே அக்கா?" அவன் விரல் பொத்தானில் நின்றது. "ஆப்பிரிக்காவா? எப்ப போனீங்க? ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"அது... பழசுடா. முன்னாடி எப்பவோ."

"வசுமதி இப்பிடிச் சிரிச்சு நான் ஒரு நாளும் காணேல்லை" என்றாள் புனிதம், வியப்போடு.

வசுமதிக்கு அடுத்த படம் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். போய் ஒயரைப் பிடுங்கிவிடலாம். எல்லோர் முன்னாலும் எப்படிப் பிடுங்குவது? என்னவென்று சொல்லிப் பிடுங்குவது?

கிளிக்.

சுவரில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை வெளிச்சம். கூடத்தில் எல்லோர் முகமும் பளீரென்று தெரிந்தது.

"ஒரு படம் காணோம்" என்றான் கருணாகரன்.

அதே நேரம் வாசற்கதவு திறந்து, இரண்டு கையிலும் நாற்காலியோடு தணிகாசலம் நுழைந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். 'ஆபீஸ் பிக்னிக்' பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இருவர் கண்ணிலும் ஒரே கேள்வி. அந்த இடத்தில் இருந்த ஸ்லைடு எங்கே?

"கருணா, அது வேணாம். அதுல பாதி கெட்டுப்போச்சு" என்று முன்னால் வந்தார்.

தாமதம். கிளிக். செம்மண் நிறத்தில் கரைபுரண்டு ஓடும் ஓர் ஆறு.

கிளிக்.

விடிகாலை வெளிச்சம். அதே கூடாரம். அதே பெண். இப்போது சிரிப்பு இல்லை. கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை, அரக்குக் கரை. ஈர மண்ணில் மண்டியிட்டு, கூடாரத்தின் மரக்கம்பத்தில் ஒரு மஞ்சள் சரட்டைச் சுற்றி, இரண்டு கைகளாலும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவனுக்கு மட்டும் புரிந்தது.

"இந்தப் புடவையை..." கருணாகரனின் குரல் வேறு யாருடையதோ போல் வந்தது. "இந்தப் புடவையை அம்மா எடுத்தாங்க. கல்யாணத்தன்னிக்கு அக்கா கட்டணும்னு. பார்சல் கட்டித் தபாலாபீஸ்ல போட்டது நான்."

நவரத்தினம் பெரிய மனிதர். விஷயம் புரியாவிட்டாலும் வேளை புரிந்தது. எழுந்து விளக்கைப் போட்டார். "சரி, சரி. ராகு போகட்டும். தேத்தண்ணி ஊத்துங்கோ."

படுக்கை விரிப்பின் மேல் அந்த முடிச்சு மட்டும் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

பால்கனியில் குளிர் எலும்பைக் கடித்தது. அக்கா, தம்பி, தணிகாசலம் மூன்று பேரும் கோட்டுப் போடாமல் நின்றார்கள். கீழே நெடுஞ்சாலையில் கார் விளக்குகள் ஊர்ந்தன.

"லண்டன் இல்லையா?" கருணாகரன் கேட்டான். "ரிப்பேர் இல்லையா?"

வசுமதி முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஐயர் மூணு தரம் கேட்டாரு அக்கா. 'நாத்தனார் வரட்டும், நாத்தனார் வரட்டும்'னு அம்மா அவரை நிறுத்தி வெச்சாங்க. வாசலுக்குப் போவாங்க, மணைக்கு வருவாங்க, திரும்ப வாசலுக்குப் போவாங்க. முகூர்த்தம் முடியப் போவுதுன்னு மாமனார் வீட்டுல சத்தம் போட்டாங்க. கடைசியில வாலாஜாபாத்லேர்ந்து வந்த ஏதோ தூரத்துச் சொந்தம் முடிச்சுப் போட்டுச்சு. அது பேரு கூட இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உனக்குன்னு கட்டின பூவை ஈரத்துணியில சுத்தி வெச்சுக்கிட்டு நாலு நாள் உட்காந்திருந்தாங்க அம்மா. நீ வந்தப்ப அதைத்தான் உன் தலையில வெச்சாங்க. கருகிப்போன பூ. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறதா! அந்தப் பூவின் வாடையோடுதான் அவள் தினமும் கண் விழிக்கிறாள். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூடப் போதும், எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அம்மா கேட்கவில்லை. "வந்துட்டியேடி" என்று மட்டும் சொன்னாள்.

நடந்தது இதுதான்.

கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஆப்பிரிக்காவில், நைரோபியில் இறங்கிக்கொள்ளலாம், அதே டிக்கெட் செல்லும் என்று கண்டுபிடித்தவர் தணிகாசலம். அங்கே ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்குச் சொந்தமான காடு. வேலி போட்ட காடல்ல, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அவருடையது. நடுவில் ஆற்றோரமாக ஆறு கூடாரங்கள். மழைக்காலம் நெருங்கியதால் ஆள் இல்லை. இரண்டு ராத்திரி தங்குவது, மூன்றாம் நாள் காலை குட்டி விமானத்தில் நைரோபி, அங்கிருந்து பம்பாய், மெட்ராஸ். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே போய்விடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வசுமதி முதல் நாள் முழுக்கப் பயந்தாள். கான்வாஸ் துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று புல்லை மேயும் சத்தம். சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போக வேண்டுமென்றால் ஈட்டியோடும் லாந்தரோடும் ஒரு காவலாள் துணைக்கு வர வேண்டும். வாளியில் வெந்நீர் ஊற்றி மேலே தொங்கவிட்டால் அதுதான் குளியல்.

இரண்டாம் நாள் காலை, அவள் எழுந்திருக்கும் முன் ஒருவன் தேநீரைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான். கோப்பையைக் கையில் எடுத்ததும் ஏனோ அழுகை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு யாரும் படுக்கையில் தேநீர் கொடுத்ததில்லை. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. மெட்ராஸில் இறங்கிய நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு சொந்தக்காரியும் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கேட்கப்போகிற "என்ன, விசேஷம் ஏதும் இல்லையா?" அங்கே இல்லை. சிங்கம் அதைக் கேட்காது.

மூன்றாம் நாள் விமானம் வந்து புல்தரையில் நின்றது. தணிகாசலம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார்.

"ஏங்க" என்றாள் வசுமதி. "இன்னும் ஒரே ஒரு நாள். நாளைக்கும் விமானம் வருதாமே. கல்யாணத்துக்கு நாலு நாள் முந்திப் போனா என்ன, மூணு நாள் முந்திப் போனா என்ன?"

"வசு, மழை வர்ற மாதிரி இருக்கு."

"இருக்கட்டுமே!"

அவள் எதையுமே கேட்காத பெண். கேட்டதும் அவரால் மறுக்க முடியவில்லை. பெட்டிகளைக் கீழே வைத்தார். காலியாகக் கிளம்பிய விமானத்தைப் பார்த்து வசுமதி இரண்டு கையையும் ஆட்டினாள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. அவர் அதைப் படம் எடுத்தார்.

அன்று மாலை மழை பிடித்தது. ஆறு பெருகிப் பாதையை அறுத்தது. புல்தரை சேறானது. ஒரு வாரத்துக்கு எந்த விமானமும் இறங்கவில்லை.

கல்யாண நாளில், காஞ்சிபுரத்து முகூர்த்தம் அங்கே விடிகாலை. வசுமதி பட்டைக் கட்டிக்கொண்டாள். தனக்கென்று வைத்திருந்த புதுத் தாலிச்சரட்டை எடுத்தாள். கிழக்கே பார்த்து மண்டியிட்டு, கூடாரக் கம்பத்தில் இரண்டு முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு தம்பியுடையது. அதை அவள் தொடவில்லை. இதில் காட்டையும் மழை வெள்ளத்தையும் மட்டும் வசுமதி தம்பியிடம் சொன்னாள்.

"சொல்லு அக்கா." கருணாகரன் பால்கனிக் கம்பியைப் பிடித்திருந்தான். "நாள் வெச்சு, பத்திரிகை அடிச்சு, அம்மா வாசல்ல நிக்கறாங்கன்னு தெரிஞ்சும் அங்க போய்த் தங்கலாம்னு யாருக்குத் தோணுச்சு? வெள்ளம் வந்தது சாமி குத்தம். தங்கினது யார் குத்தம்?"

வசுமதி வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றார் தணிகாசலம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"வழியில இறங்கலாம்னது நான். கிளம்பற அன்னிக்குச் சிறுத்தையைப் பாக்காம போவ மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சதும் நான். உங்க அக்கா அழுதா. நான் கேக்கல. அப்புறம் மழை. பயந்துபோய் லண்டன்னு கதை கட்டினதும் நான்தான். அவ மேல தப்பு இல்ல."

பாதி உண்மை, பாதி பொய். பொய்ப் பாதிதான் கனமானது. வசுமதி அதை மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. தம்பியின் கண்ணில் தன்மேல் இருந்த கோபம் இளகி இரக்கமாக மாறுவதை அவள் பார்த்தாள். அந்த இரக்கம் சுகமாக இருந்தது. அது சுகமாக இருந்ததற்காகப் பின்னால் எத்தனை நாள் வருந்தப்போகிறாள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

"ஒரு மிருகத்தைப் பாக்க" என்றான் கருணாகரன், மெதுவாக. "எங்கம்மாவை வாசல்ல நிக்க வெச்சீங்க."

"கருணா..."

"வேணாம். உங்களை மாமான்னு கூப்பிட இனிமே எனக்கு வாய் வராது. ஒஷாவாவுல என் சிநேகிதன் ஜாபர் வீட்டு மாடி காலியா இருக்கு. நாளைக்கே நானும் மங்கையும் போயிடறோம்." பிறகு அக்காவின் கையைப் பிடித்தான். "நீ வா அக்கா. குளிருது பாரு. மணி ஆறாகப்போவுது. நீதான் வளையல் போடணும்."

ஆறு மணி. ராகு காலம் விட்டது.

மங்கை மணையில் உட்கார்ந்திருந்தாள். ஜெராட் தெரு குஜராத்திக் கடையில் வசுமதி பொறுக்கி எடுத்த கண்ணாடி வளையல்கள், சிவப்பும் பச்சையுமாகத் தாம்பாளத்தில் மின்னின. சந்தனம் பூசியாயிற்று. புனிதம் உரத்த குரலில் ஒரு பாட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

வசுமதி ஒரு சிவப்பு வளையலை எடுத்தாள். மங்கை வலது கையை நீட்டினாள். கை மூடியிருந்தது.

"விரலைக் குவிச்சுக்கோம்மா."

மங்கை விரித்தாள். உள்ளங்கையில், வியர்வை ஈரத்தோடு, அட்டைச் சட்டம் போட்ட ஒரு சின்ன ஸ்லைடு.

பாட்டு ஓங்கி ஒலித்தது. குனிந்த தலை நிமிராமல், உதடு அசையாமல் மங்கை பேசினாள்.

"நாள் பூரா வீட்டுல தனியாத்தானே இருக்கேன் அண்ணி. பொழுது போகாம எல்லாப் படத்தையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். கம்பத்துல சரடு முடியற படத்தைப் பார்த்ததும் அது எங்க கல்யாண சமயம்னு புரிஞ்சுது. இதுல வானம் தெளிவா இருக்கு. பிளேன் போவுது. நீங்க சந்தோஷமா கையை ஆட்டறீங்க."

வசுமதி முந்தானையால் அந்தக் கையை மறைத்தாள்.

"அவர் பாத்துடக் கூடாதேன்னு எடுத்து வெச்சேன். மத்ததெல்லாம் இருக்கட்டும்னு நினைச்சது என் முட்டாள்தனம். புடவை விஷயம் எனக்குத் தெரியாது." மங்கை விரல்களைக் குவித்தாள். "எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் வரைக்கும் என்னையும் கேட்டாங்க அண்ணி, விசேஷம் இல்லையான்னு. நீங்க ஏன் போக மனசில்லாம நின்னீங்கன்னு எனக்குத் தெரியும். இதை உடைச்சு எறிஞ்சிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஸ்லைடு வசுமதியின் உள்ளங்கைக்கு வந்தது. இடுப்பில் செருகிக்கொண்டாள். முதல் வளையல் சந்தனக் கையில் வழுக்கிக்கொண்டு ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இவ்வளவு எளிதாகவா?

கூடத்தின் ஓரத்தில் தணிகாசலம் ஒரு தட்டில் பாயச டம்ளர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்துவந்தார். கருணாகரன் முன்னால் வந்தார். தட்டை நீட்டினார். கருணாகரன் தட்டைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தணிகாசலம் ஒரு கணம் நின்றார். பிறகு, ஒன்றும் நடக்காததுபோல், அடுத்த ஆளிடம் போனார். அவர் கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அதை வசுமதி மட்டும்தான் கேட்டாள்.

அன்றைக்குப் பெட்டிகளைக் கீழே வைத்தாரே, அதே முகம். அவள் கேட்டாள், அவர் கொடுத்தார். இப்போது அவள் கேட்கவே இல்லை. அப்படியும் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது வளையலை எடுத்தாள். பச்சை. கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"போடுங்க அண்ணி" என்றாள் மங்கை. அவள் குரலில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. "அண்ணி, வேணாம்."

வசுமதி பச்சை வளையலைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தாள். இடுப்பிலிருந்து அந்தச் சின்ன அட்டைச் சட்டத்தை எடுத்தாள்.

"கருணா" என்று கூப்பிட்டாள். "அந்தப் புரொஜெக்டரை இன்னொரு தடவை போடு. ஒரு படம் விட்டுப்போச்சு."

பாட்டு பாதியில் நின்றது.